காற்றின் கணக்கர் குஸ்தாவ் ஈபெல்

சென்ற தவணையின் இறுதியில் உயர்தர வகுப்பு மாணவனொருவன் என்னை நாடி வந்து ஓர் ஆங்கிலச் சொற்றொடருக்குத் தமிழ் வேண்டினான். மோட்டார் வண்டியொன்றை நேரெதிரே நின்று நோக்குமிடத்துக் கண்ணிற் படும் உருவத்தின் பரப்பினை அச்சொற்றொடர் குறிப்பதாம். முகப்புப் பரப்பு என்று சொல்லி அனுப்பினேன். அனுப்பிய பின்னரே ஐயம் பிறந்தது. ஒரு வண்டியின் முகத்தை எதற்காக ஒருவர் அளக்க வேண்டும்? பொருள் அறியாது சொல் வழங்குதல் பண்டிதனுக்கு அழகன்று. ஆதலின் அயலிலுள்ள விஞ்ஞான ஆசிரியராகிய நண்பரிடஞ் சென்று கேட்டேன். அவர் விளக்கிய விளக்கம் ஒரு மாலைப் பொழுதை விழுங்கியது. விளக்கத்தின் இடையே வந்த ஒரு பெயரோ பல வாரங்களாக என்னை விட்டகலவில்லை. பாரிஸ் மாநகரின் இரும்புக் கோபுரத்தோடு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அக் கோபுரத்தைக் கட்டியவராக மட்டுமே குஸ்தாவ் ஈபெலை நம்மவர் அறிவர். தம் எழுபதாம் பிராயத்துக்குப் பின் அவர் செய்த வேலையே என் உள்ளத்தைக் கவர்ந்தது.

அவர் பிறந்தது பிரான்சு தேசத்துத் திஜோன் நகரில், 1832ஆம் ஆண்டு மார்கழி 15ஆந் திகதி. முன்னோர் ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். பொனிக்ஹவுசன் என்பது குலப்பெயர். அதன்மேற் சேர்ந்து வழங்கியதே ஈபெல் என்பது. 1880இல் அவர் சட்டப்படி முன்னையதைக் களைந்து பின்னையதை மட்டும் வைத்துக்கொண்டார். தந்தையார் படையிற் பணிபுரிந்தவர். குடும்பத்தை உயர்த்தியவரோ தாயார். நிலக்கரி வாணிகத்தை நடத்திப் பொருள் ஈட்டிய ஆற்றல் மிக்க பெண்மணி. மைந்தர் பாரிசுக்குச் சென்று பயின்று, எக்கோல் பொலித்தெக்னிக் என்னும் புகழ்பெற்ற கல்லூரிக்கு இடம் பெறாது தோற்றார். பின்னர் எக்கோல் சென்ட்ராலிற் சேர்ந்து 1855இல் தேறினார். அங்கு அவர் சிறப்பாகப் பயின்றது இரசாயனம். மாமனாரொருவருக்குப் புளிக்காடி செய்யும் ஆலை இருந்தது; அதனை ஏற்று நடத்துவதே கருத்து. குடும்பப் பிணக்கொன்று அவ்வாசையைக் கெடுத்தது. கெடாதிருந்தால் உலகம் ஒரு நல்ல காடி வணிகரைப் பெற்றிருக்கும்.

வேலை தேடி அலைந்தவரைப் புகையிரதப் பாதைப் பொறியியலாளர் ஒருவர் சேர்த்துக்கொண்டார். 1858இல், 25 வயதில், போர்தோ நகரில் கரோன் ஆற்றின் குறுக்கே ஏறத்தாழ 500 மீற்றர் நீளமான இரும்புப் பாலம் அமைக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஆற்றின் அடியில் அழுத்தமூட்டிய காற்றைச் செலுத்தி நீரை விலக்கித் தூண்களை நாட்டினார். காற்றோடு அவர் கொண்ட முதல் உறவு இதுதான் போலும். அதன்பின் வரிசையாகப் பாலங்கள் எழுந்தன. 1866இல் பாரிசுக்கு அருகே லெவல்லுவா-பெரே என்னும் ஊரிற் சொந்தத் தொழிற்சாலை நிறுவினார். போர்த்துக்கல்லில் ஒப்போர்ட்டோ நகரின் தூரோ ஆற்றுப் பாலம் 1877இல் முடிந்தது. அதன் ஒற்றை வளைவின் அகலம் 160 மீற்றர். அதே ஆண்டில் மனைவியார் காலமானார். ஐந்து பிள்ளைகள். அவர் மறுமணஞ் செய்யவில்லை.

பாலங் கட்டுவோருக்குப் பாரம் ஒரு பகை, காற்று மற்றொரு பகை. பாரத்தை எண்ணிக் கணக்கிடலாம். காற்று எவ்வளவு தள்ளும் என்பதையோ அந்நாளில் எவரும் திட்டமாய் அறியார். 1879ஆம் ஆண்டு மார்கழி 28ஆந் திகதி இரவு ஸ்கொத்லாந்தில் தே ஆற்றுப் பாலம் புயலில் இடிந்து, மேலே சென்றுகொண்டிருந்த புகையிரதத்தோடு நீரில் வீழ்ந்தது. வண்டியிலிருந்தோர் ஒருவரும் பிழைத்திலர். காற்றின் தள்ளுகைக்கென அப்பாலத்தில் தக்க ஏற்பாடு செய்யப்படவில்லை என்பது விசாரணையிற் புலனாயிற்று. அடுத்த ஆண்டில், பிரான்சின் நடுமலைநாட்டில் ஆற்றின் மேல் 122 மீற்றர் உயரத்திற் செல்லும் கராபிப் பாலத்தின் வேலையை ஈபெல் தொடங்கினார். அப்பள்ளத்தாக்கிற் காற்றுக்குக் குறைவில்லை. பலகை அடைத்த தூண்களை விலக்கி, காற்று ஊடுருவிப் போகும் பின்னல் இரும்பாலே அதனைச் சமைத்தார்.

கோபுரத்தின் கதை பலருந் தெரிந்தது, விரைந்து சொல்லிவிடுகிறேன். எண்ணம் உண்மையில் அவருடையதன்று. அவரிடம் பணிபுரிந்த கேக்லான், நூகியே என்னும் இருவர் 1884இல் வரைந்தது. முதலில் அதனிற் பெரிதும் ஊக்கங் காட்டாதவர், பின்பு அதன் உரிமையை வாங்கித் தம் பெயராலேயே எழுப்பினார். இதனைக் குறையென்று சொல்வாருளர். யானும் சிறிது அப்படியே எண்ணுகிறேன். ஆயினும் பணமும் பழியும் தாங்கியவர் அவரே. 1887 தை மாதம் கால்கோள். மாசி மாதத்திற் பாரிசின் எழுத்தாளரும் ஓவியரும் இசைவாணரும் கூடி, நகரத்தின் அழகை இவ்விரும்பு கெடுக்குமெனக் கண்டன அறிக்கை வெளியிட்டனர். கதைஞர் மோப்பசானும் இசைவாணர் கூனோவும் அதிற் கையொப்பமிட்டோர். 1889 பங்குனி 31ஆந் திகதி 300 மீற்றர் உயரக் கோபுரம் முடிந்தது. 18,038 இரும்புத் துண்டுகள், 25 இலட்சம் தறையாணிகள்.

அக்கோபுரத்துக்கு அவர் போட்ட காற்றுக் கணக்குத்தான் நம் மாணவனின் கேள்விக்கு வேர். காற்று ஒரு பொருளைத் தள்ளும் வலிமை, அப்பொருள் காற்றுக்கு முன் காட்டும் பரப்பைப் பொறுத்தது. சுவரென்றால் நீளத்தை உயரத்தாற் பெருக்கிவிடலாம். பின்னல் வேலையான கோபுரத்துக்கு எதைப் பரப்பெனக் கொள்வது? முன்முகத்துச் சட்டங்களில் மோதிய காற்று இடைவெளிகளால் நுழைந்து பின்முகத்துச் சட்டங்களிலும் மோதுமன்றோ? ஈபெல் செய்தது இது: கோபுரத்தின் மேற்பாதியை இடைவெளியே இல்லாத முழுச்சுவர் என்று கொண்டார். நடுப்பகுதியில் முன்முகத்து இரும்பின் பரப்பை நான்கு மடங்காக எண்ணினார். கீழ்க் கால்களை முழுச்சுவரென்றும், காற்று அவற்றை இருமுறை தாக்குமென்றும் வைத்துக்கொண்டார். காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்கு எங்கும் 300 கிலோகிராம் என ஒரு கணக்கும், அடியில் 200 தொடங்கி உச்சியில் 400 வரை ஏறுமென மற்றொரு கணக்கும் போட்டுப் பார்த்தார். அறியாமையை மறைக்காமல், அதனை இரும்பால் ஈடுசெய்த கணக்கு இது. கோபுரம் நிற்கிறது. எனினும், வேண்டியதற்கு மேல் எத்துணை இரும்பைக் காற்றுக்கு அஞ்சிச் சேர்த்தோம் என்னும் கேள்வி அவர் நெஞ்சில் நின்றிருக்க வேண்டும்.

கோபுரத்தின் புகழ் உச்சியில் இருந்தபோதே இழிவும் வந்தது. பனாமாக் கால்வாய்க்கு நீர்ப்பூட்டுகள் அமைக்க 1887இல் அவர் ஒப்பந்தஞ் செய்திருந்தார். 1889இற் கால்வாய்க் கம்பனி முறிந்தது. பிரான்சின் எளிய குடும்பங்கள் பல சேமிப்பை இழந்தன. கம்பனித் தலைவர்களோடு ஈபெலும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். 1893 மாசி மாதம் அவருக்கு இரண்டாண்டுச் சிறையும் 20,000 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. சில நாள் சிறையிலும் இருந்தார். ஆனி மாதத்தில் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. நீக்கியதற்குக் காரணம், வழக்குத் தொடுக்கும் காலவெல்லை கடந்துவிட்டமை. குற்றமற்றவர் என்று தீர்ப்புரைத்து விடுவிப்பது வேறு, காலங் கடந்ததென்று விடுவிப்பது வேறு; ஈபெல் பெற்றது பின்னையதே. தாம் வளர்த்த கம்பனியை விட்டு விலகினார். கம்பனியும் அவர் பெயரைக் களைந்து வேறு பெயர் பூண்டது. அவருக்கு அப்பொழுது அறுபது வயது.

இந்நிலையில் வேறொருவராயின் தோட்டவீட்டில் ஒதுங்கியிருப்பார். இவரிடம் எஞ்சி நின்றது கோபுரம் ஒன்றே. அதற்கும் தவணை இருந்தது. இருபதாண்டு கழித்து நகரசபை அதனைக் கையேற்றுப் பிரித்துவிடலாம் என்பது உடன்படிக்கை. பயனுள்ள பொருளை எவரும் பிரிக்கத் துணியார் என்பதை அவர் நன்கறிவார். உச்சியில் 1889இலேயே வானிலை ஆராயும் நிலையம் வைத்தாயிற்று. தரைக்கருகில் அளந்ததினும் உச்சியிற் காற்று மூன்று மடங்கு விரைவாக வீசுவது அவ்வாண்டுக் கோடையிலேயே தெரிந்தது. பின்னர்க் கம்பியில்லாத் தந்திப் பரிசோதனைக்கும் இடங் கொடுத்துப் பொருளுதவியுஞ் செய்தார். கோபுரத்தின் தவணை 1910இலிருந்து மேலும் எழுபதாண்டுக்கு நீடிக்கப்பட்டது. தன்னலமும் அறிவுவேட்கையும் இவ்வாறு ஒரே நுகத்திற் பூட்டப்பட்டன. அதில் எனக்கு மனக்குறை இல்லை. நுகம் உழுத நிலம் நன்றாகவே விளைந்தது.

1903இல், எழுபதைக் கடந்த அவர், கோபுரத்தின் இரண்டாந் தட்டிலிருந்து பொருள்களைக் கீழே விழவிடத் தொடங்கினார். தரையிலிருந்து 115 மீற்றர் உயரம். செங்குத்தாகக் கட்டிய கம்பிவடம் ஒன்று. அதன் வழியே வழுவிச் செல்லும் கனத்த கருவி ஒன்று. கருவியின் முன்னே சுருள்வில்லின் மேற் பொருத்திய தட்டு. தட்டு விழ விழக் காற்று அதனை எதிர்த்துத் தள்ளும், சுருள்வில் அமுங்கும். அமுங்கிய அளவைப் புகைபடிந்த தாளைச் சுற்றிய உருளையில் ஓர் ஊசி வரையும். அருகே அதிரும் இசைக்கவை ஒன்று காலத்தைக் கோடாய் எழுதும். விழும் வேகம் செக்கனுக்கு 40 மீற்றர் வரை ஏறியது. அடியில் வடம் தடித்துக் கருவியைப் பற்றி நிறுத்தும். வட்டம், சதுரம், நீள்சதுரம் என்று பலவகைத் தட்டுகளையும், சிறியனவும் பெரியனவுமாக விழவிட்டு 1906 வரை அளந்தார். மறுவருடம் நூலாக வெளியிட்டார்.

பெற்ற முடிவு பெரியது. காற்றுத்தடை பரப்போடு ஏறுகிறது. வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. இவை முன்னரே பேசப்பட்டன. பரப்பையும் வேகவர்க்கத்தையும் பெருக்கவேண்டிய எண் எது என்பதிலேதான் குழப்பம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து வழங்கிய கணக்கை மீற்றர் முறையில் எழுதினால் அவ்வெண் ஏறத்தாழ 0.12 ஆகும். ஈபெல் கண்டது 0.07க்கும் 0.08க்கும் இடையே. செக்கனுக்கு 20 மீற்றர் வேகக் காற்று, ஒரு சதுர மீற்றர் தட்டைப் பழைய கணக்கின்படி 48 கிலோகிராம் பாரத்தளவு தள்ளவேண்டும். உண்மையில் தள்ளுவது 30 அளவே. அமெரிக்காவில் ரைட் சகோதரரும் 1901 அளவிலேயே பழைய எண் மிகையென்று கண்டிருந்தனர்.

விழவிடும் முறையில் ஒரு தொல்லை. எல்லாம் ஐந்து செக்கனுக்குள் முடிந்துபோகும். ஆகவே 1909இல் கோபுரத்தின் அடியிலேயே ஆய்வுசாலை அமைத்து, பொருளை அசையாது நிறுத்திக் காற்றை விசிறியால் அதன்மீது ஓடச் செய்தார். காற்றுத்தாரையின் விட்டம் ஒன்றரை மீற்றர். அசையும் பொருள்மீது அசையாக் காற்றும், அசையாப் பொருள்மீது அசையுங் காற்றும் ஒன்றுதானா என்று ஐயுற்றவர் அந்நாளிற் பலர். ஈபெலிடம் இரண்டு அளவும் இருந்தன, ஒப்பிட்டார், ஒத்தன. 1912இல் ஆய்வுசாலையைப் பாரிசின் ஓத்தோய்ப் பகுதிக்கு மாற்றினார். அங்கு தாரையின் விட்டம் இரண்டு மீற்றர், வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர். ஆய்வறையைக் கடந்த காற்றை மெல்ல மெல்ல அகலும் குழாயால் தணித்து விசிறிக்கு அனுப்பியமையால் மின்வலு மிச்சமாயிற்று. அடுத்த வருடம் அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனம் லாங்லி பெயராலான பொற்பதக்கத்தை அவருக்கு அளித்தது.

இனிப் பந்தின் கதை. என்னை மிகவுங் கவர்ந்தது இதுவே. உருண்டைகளைக் காற்றில் வைத்து அளந்து ஈபெல் ஓர் எண்ணை வெளியிட்டார். ஜேர்மனியிற் கேட்டிங்கன் ஆய்வுசாலையார் கண்ட எண்ணோ அதனினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கணக்கில் எங்கோ ஓர் இரண்டைக் கிழவர் மறந்துவிட்டார் என்று அங்குள்ளோர் கருதினர். ஈபெல் சினக்கவில்லை, சொல்லால் மறுக்கவும் இல்லை. பல பருமனான உருண்டைகளை எடுத்து, வேகத்தை மெல்ல ஏற்றியிறக்கி மீண்டும் அளந்தார். வேகங் குறைந்தபோது ஜேர்மனியர் எண் வந்தது. குறித்த ஓர் எல்லையைத் தாண்டியதும் தடை திடீரெனச் சரிந்து அவருடைய எண் வந்தது. இருவரும் மெய்யே கூறியிருந்தனர். 1914இல் கேட்டிங்கன் பேராசிரியர் பிராண்டில், உருண்டையின் முன்புறத்தில் மெல்லிய கம்பி வளையமொன்றைப் பொருத்திப் பரப்பை ஒட்டியோடும் காற்றைக் குழப்பினார். குறைந்த வேகத்திலும் தடை சரிந்தது. ஒட்டியோடும் காற்று குழம்பினால் பந்தின் பின்புறம்வரை பற்றிச் செல்கிறது, பின்னே எழும் சுழிக்குழி சிறுக்கிறது, தடை குறைகிறது.

முகப்புப் பரப்பின் எல்லை இங்கே தெரிகிறது. ஒரே பந்து, ஒரே பரப்பு, தடையோ வேறு. தட்டுகளிலும் ஈபெல் இதனைக் கண்டார். ஒரு வட்டத்தட்டின் பின்னே ஒன்றரை விட்டத் தூரத்தில் மற்றொன்றை நிறுத்தினால், இரண்டுஞ் சேர்ந்து பெறும் தடை முன்னது தனியே பெற்றதினும் குறைவு. முன்னதன் மறைவிற் பின்னது முன்னோக்கி உறிஞ்சப்படுகிறது. எதிரே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே வட்டம். ஆகவே காற்றுத்தடைக்குப் பரப்பு ஒரு பங்கு, உருவம் ஒரு பங்கு.

மோட்டார் வண்டிக்கு வருவோம். காற்றுக்குகை தருவது தள்ளும் வலிமையை மட்டுமே. அதனைக் காற்றின் வேக அழுத்தத்தாலும் முகப்புப் பரப்பாலும் வகுத்தபின் எஞ்சுவதே உருவத்தின் எண். பரப்பைப் பெரிதாக அளந்தவனுக்கு உருவ எண் சிறிதாக வந்து வாய்க்கும். வண்டி அழகிய உருவினதென்று விளம்பரஞ் செய்துகொள்ளலாம். காற்றை அதனால் ஏமாற்ற முடியாது. 2.2 சதுர மீற்றர் பரப்பும் 0.30 உருவ எண்ணுங் கொண்ட கார், மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடுகையில் காற்று அதனை 31 கிலோகிராம் பாரத்தளவு பின்தள்ளும். 50 கிலோமீற்றரில் எட்டு அளவே.

அளக்கும் வழிதான் என்ன? அகலத்தை உயரத்தாற் பெருக்கினால் பெட்டியின் பரப்பு வரும், வண்டியினதன்று. கூரை ஒடுங்கியிருக்கும், சக்கரங்களுக்கிடையே வெளி இருக்கும். படம் பிடிக்கலாமெனின், ஐந்து மீற்றர் தூரத்தில் நின்று பிடித்தால் நான்கு மீற்றர் நீள வண்டியின் பின்பகுதி ஒன்பதுக்கு ஐந்தாகச் சிறுத்துவிடும்; மிகத் தொலைவிற் சென்று பிடிக்கவேண்டும். விளக்கு வைத்து நிழல் வீழ்த்தினாலும் அதே குற்றம், மறுதலையாக. இணைகதிர் வேண்டும். அடிவானத்துச் சூரியனோ இணைகதிரை இலவசமாய்த் தருகிறது.

நண்பரும் அம்மாணவனும் யானும் ஒரு மாலையில் இதனைச் செய்து பார்த்தோம். மேற்கு நோக்கிய சுவரிற் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, அதன்முன் நண்பரின் பழைய மொறிஸ் மைனரைச் சுவருக்கு முகங்காட்டி நிறுத்தினோம். பொழுது சாயுந் தறுவாயில் நிழலின் விளிம்பைக் கரியால் வரைந்தோம். விளிம்பு இரண்டு விரற்கடை அகலத்துக்கு மங்கியிருந்தது. சூரியன் புள்ளியன்று, வட்டம் என்பதே காரணம். மங்கலின் நடுவே கோடிட்டோம். பத்துச் சதமமீற்றர்க் கட்டங்களாகப் பிரித்து, பாதிக்கு மேற்பட்டதை முழுதாகக் கொண்டு, பாதிக்குக் குறைந்ததைத் தள்ளி எண்ணினோம். 192 கட்டங்கள்; 1.92 சதுர மீற்றர். பெட்டிக் கணக்கு 2.36. நிழல் அதில் ஐந்தில் நான்கு பங்கு. முகப்புப் பரப்பு என்று யான் கொடுத்த சொல்லிலும் நிழற்பரப்பு என்பதே பொருந்துமெனத் தோன்றியது. மாணவனோ முன்னையதையே எழுதிவிட்டானாம்.

முதல் உலகப்போரில் ஈபெலின் ஆய்வுசாலை விமானங்களின் உருவங்களைச் சோதித்தது. போர் முடிந்தபின் அதனை அவர் அரசினருக்கு வழங்கினார். 1923 மார்கழி 27ஆந் திகதி, 91ஆம் வயதில் பாரிசிலே காலமானார். லெவல்லுவா-பெரேயில், தம் தொழிற்சாலை இருந்த ஊரில், அடக்கஞ் செய்யப்பட்டார். ஓத்தோய் ஆய்வுசாலை இன்னும் இயங்குகிறது. அவர் வைத்த இரண்டு மீற்றர்த் தாரையிற் கட்டடங்களின் மாதிரியும் மோட்டார் வண்டிகளின் மாதிரியும் வைத்து அளந்து வருகின்றனர்.